படத்தின் ஓரத்தை வெட்டாதீர்கள்: கானிஸ்டன் ரஸ்கின் அருங்காட்சியகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில், கானிஸ்டன் ஊரில் ரஸ்கின் அருங்காட்சியகத்தை நடத்திவரும் அறங்காவலர்களுக்கும், அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கும், அந்த ஊர்க்காரர்களுக்கும் வணக்கம்.

உங்களிடம் இருக்கும் புளூபேர்ட் கே7 என்ற வேகப் படகைப் பற்றித் தமிழில் எழுதுகிறேன். இதை ஆங்கிலமாக்கி உங்களுக்கு அனுப்பும் வேலையை என் பேத்தி ஏற்றுக்கொண்டிருக்கிறாள். "முதல்ல நீங்க யாருன்னு சொல்லுங்க தாத்தா, அப்புறம் படகுக்கு வரலாம்" என்று ஒரு நிபந்தனையும் போட்டாள். சரி, சொல்லிவிடுகிறேன்.

நான் இந்திய விமானப் படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக இருந்தவன். எஞ்சினை விட்டுவிட்டு விமானத்தின் மற்ற உடம்பைப் பார்த்துக்கொள்கிற ஆள். தாம்பரத்தில் பயிற்சி. அதன் பிறகு பல வருஷங்கள் 'நாட்' விமானங்களின் வயிற்றுக்கு அடியில் படுத்தே கழிந்தன. நாட் என்றால் கொசு மாதிரி ஒரு குட்டிப் பூச்சி. பெயருக்கேற்ற உருவம்தான், இறக்கையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஏழு மீட்டர்கூடக் கிடையாது. உங்கள் நாட்டு ஃபாலண்ட் கம்பெனி வடிவமைத்தது, பெங்களூரில் ஹெச்.ஏ.எல். உரிமம் வாங்கிச் செய்தது. உள்ளே ஆர்ஃபியஸ் எஞ்சின். 1965, 1971 போர்களில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களைச் சுட்டு வீழ்த்தியதால் 'சேபர் கொல்லி' என்றே அதற்குப் பெயர் விழுந்தது.

ஒரு விடுமுறையில் பெங்களூர் அவென்யூ ரோடு நடைபாதைக் கடையில் அட்டை கிழிந்த ஆங்கில வார இதழ் ஒன்றை ஐம்பது பைசாவுக்கு வாங்கினேன். டீக்கடையில் உட்கார்ந்து புரட்டினால், உள்ளே ஒரு படகின் கறுப்பு வெள்ளைப் படம். அதைப் படகு என்று சொல்லவே யோசிக்க வேண்டும். நடுவில் மீன் மாதிரி ஓர் உடல். முன்னால் இரு பக்கமும் கைகளை நீட்டி இரண்டு மிதவைகளைப் பிடித்தாற்போல ஓர் அமைப்பு. பின்பக்கம் எஞ்சின் துவாரம். அதன்மேல் செங்குத்தாக ஒரு வால். டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அந்த வால் எனக்குத் தெரிந்த வால். எங்கள் ஒற்றை இருக்கை விமானமும் உங்கள் விமானப் படை பயிற்சிக்கு வைத்திருந்த இரட்டை இருக்கை விமானமும் ஒன்றல்ல என்பது தெரியும். இருந்தாலும் பெரியப்பா பிள்ளையைக் கல்யாண வீட்டுக் கூட்டத்தில் அடையாளம் தெரியாமலா போகும்? நாட் விமானத்தின் வாலைக் கொண்டுபோய் ஒரு படகின் முதுகில் யார் வைத்தார்கள் என்று தேடத் தொடங்கியவன், ஐம்பது வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் அறிந்த கதைதான். இதைப் படிக்கும் என் ஊர்க்காரர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படகின் பெயர் புளூபேர்ட் கே7. ஓட்டியவர் டொனால்ட் கேம்ப்பெல். அவருடைய அப்பா மால்கம் கேம்ப்பெல்லும் தரையிலும் நீரிலும் வேகச் சாதனைகள் படைத்தவர். கே7-ஐ வடிவமைத்தவர்கள் கென், லூ என்ற நாரிஸ் சகோதரர்கள். கட்டியது லங்காஷயரில் சாம்ல்ஸ்பரி எஞ்சினியரிங். 1955 ஜூலை 23-ஆம் தேதி அல்ஸ்வாட்டர் ஏரியில் மணிக்கு 202.32 மைல். அதன் பிறகு அமெரிக்காவின் லேக் மீட், கானிஸ்டன் ஏரியில் நான்கு முறை, கடைசியாக 1964 டிசம்பர் 31-ஆம் தேதி மேற்கு ஆஸ்திரேலியாவின் டம்பிள்யங் ஏரியில் 276.33 மைல். ஆக ஏழு உலகச் சாதனைகள், எல்லாம் இந்த ஒரே படகில். அதே 1964 ஜூலையில்தான் ஆஸ்திரேலியாவின் ஏர் ஏரியின் உப்புப் பரப்பில் 403.10 மைல் வேகத்தில் கார் ஓட்டித் தரைச் சாதனையும் படைத்திருந்தார். ஒரே வருஷத்தில் தரையிலும் நீரிலும் சாதனை படைத்தவர் அவர் ஒருவர்தான்.

அப்புறம் 300 மைல் ஆசை வந்தது. 1966-இல் பழைய பெரில் எஞ்சினைக் கழற்றிவிட்டு, ஒரு நாட் விமானத்திலிருந்து எடுத்த ஆர்ஃபியஸ் எஞ்சினைப் பூட்டினார்கள். வாலும் நாட் விமானத்திலிருந்தே வந்தது. நவம்பரில் கானிஸ்டனுக்கு வந்ததும் காற்று உள்ளே போகும் வாய்கள் நசுங்கி, துண்டுகளை எஞ்சின் விழுங்கிவிட்டது. வேறோர் எஞ்சின் பூட்டி, மழையிலும் குளிரிலும் வாரக்கணக்கில் காத்திருந்து, 1967 ஜனவரி 4 காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்னால் புறப்பட்டார். முதல் ஓட்டத்தில் சராசரி 297 மைலுக்கு மேல். சாதனைக் கணக்கில் சேர, திரும்பி ஒருமுறை ஓட வேண்டும். தான் எழுப்பிய அலை அடங்குவதற்குள் திரும்பினார். முகப்பு மெல்ல நீரைவிட்டு மேலெழுந்தது, படகு காற்றில் குட்டிக்கரணம் போட்டது, ஏரி அதை விழுங்கியது. அவர் எப்போதும் உடன் வைத்திருந்த மிஸ்டர் வாப்பிட் என்ற கரடிப் பொம்மை, சிதறி மிதந்தவற்றின் நடுவே கிடைத்தது.

34 வருஷத்துக்குப் பிறகு, பில் ஸ்மித் என்ற மூழ்காளர் குழுவினருடன் தேடிக் கண்டுபிடித்து, 2001 மார்ச் 8-ஆம் தேதி உடலின் பெரும்பகுதியை மேலே கொண்டுவந்தார். அதே வருஷம் மே மாதம் கேம்ப்பெல்லின் உடலும் கிடைத்து, செப்டம்பரில் கானிஸ்டன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் ஆனது. 2018 ஆகஸ்டில், சீரமைக்கப்பட்ட கே7 ஸ்காட்லாந்தின் ப்யூட் தீவில் ஃபாட் ஏரியில் மறுபடி ஓடியது. 2024 மார்ச்சில் உங்களிடம் வந்து சேர்ந்தது. நடுவே யாருக்கு எவ்வளவு உரிமை என்று நடந்த வழக்கு வம்புக்குள் நான் போகவில்லை. கிராமத்தில் பங்காளிச் சண்டை பார்த்து வளர்ந்தவன். வெளியாள் வாயைத் திறக்கக் கூடாது என்பது தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். படகு முழுசாக, பளபளவென்று, நீலமாக நிற்கிறது. எனக்குக் கவலை அதைப் பற்றித்தான்.

உடைந்து கிடந்தபோது எது இருக்கிறது, எது இல்லை என்பதை ஒரு குழந்தைகூடப் பார்த்துச் சொல்லியிருக்கும். இப்போது எல்லாவற்றின் மேலும் ஒரே நீலம். எந்தத் தகடு 1955-இல் சாம்ல்ஸ்பரியில் அடித்தது, எது 1966-இல் மாற்றியது, எது நார்த் ஷீல்ட்ஸ் பட்டறையில் இந்த நூற்றாண்டில் செய்தது என்று கண்ணால் சொல்ல முடியாது. சீரமைத்தவர்களைக் குறை சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். பழைய உலோகத்தை முடிந்தவரை திரும்பப் பயன்படுத்துவது என்று பிடிவாதமாக நின்றார்கள். அது எவ்வளவு சிரமம் என்பது என் தொழில்காரனுக்குத்தான் தெரியும். கசங்கின அலுமினியத்தைத் தட்டத் தட்ட இறுகிக்கொண்டே போகும், இறுகினால் வெடிக்கும். அதனால் சூடு காட்டி இளக்க வேண்டும். எவ்வளவு சூடு? தகட்டின் மேல் சோப்புக் கட்டியைத் தேய்த்துவிட்டு அடியில் தீயைக் காட்டுவோம். சோப்பு பழுப்பாகிக் கறுக்கத் தொடங்கினால் கையை எடுத்துவிட வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் தகடு தொய்ந்து கண் முன்னால் ஓட்டை விழும். புதுத் தகடு வெட்டி மாட்டுவது ஒரு நாள் வேலை. பழையதை நிமிர்த்துவது ஒரு மாத வேலை. அந்த ஒரு மாதத்துக்குப் போகிறவர்களை நான் கும்பிடுவேன்.

ஆனால் காணாமல் போனது காணாமல் போனதுதான். விபத்தில் சிதறியவற்றை மட்டும் சொல்லவில்லை. இந்தப் படகு பன்னிரண்டு வருஷம் உயிரோடு இருந்தது. அந்தப் பன்னிரண்டு வருஷமும் அதை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 1955-இல் முதல் சோதனைகளில் முன்பக்கத்திலிருந்து எழுந்த நீர்த்தாரை எஞ்சினுக்குள் போய்விட, முன்பகுதி அமைப்பையே மாற்ற வேண்டி வந்தது. 1958-இல் குட்டியாக ஒரு வால் வந்தது, அதற்குள் வேகத்தைக் குறைக்கும் பாராசூட். மிதவைகளின் மேல் போர்த்திய தகடுகளின் வடிவம் மாறியது. 1966-இல் நாட் வால், நீரில் இறங்கும் பிரேக், அப்புறம் நசுங்கின காற்று வாய்களுக்குப் பதில் பலப்படுத்தினவை. ஒவ்வொரு தடவையும் கழற்றினது எங்கேயோ போயிருக்கும். பட்டறை மூலைக்கு, பழைய இரும்புக்காரருக்கு, "இதை நான் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்ட பையனின் வீட்டுக்கு. இவையும் கே7-தான்.

இவற்றைத் தேட நம்மிடம் இருக்கும் ஒரே வழி பழைய புகைப்படங்கள். அந்தப் படங்களைப் பார்க்கும் விதத்தைப் பற்றி எனக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. என் அனுபவம் உங்கள் படகில் வந்ததில்லை, எங்கள் பூச்சியில் வந்தது.

ஓய்வு பெற்று வந்த பிறகு, எங்கள் பக்கத்துக் கல்லூரி ஒன்றுக்கு ஒரு பழைய நாட் விமானம் காட்சிக்காகக் கிடைத்தது. பெயர் வேண்டாம். லாரியில் வந்து இறங்கியபோது ஒரு பக்கத்துச் சக்கரக் கதவைக் காணோம். நாட் விமானத்தில் அந்தக் கதவு சாதாரணக் கதவு இல்லை. சக்கரத்தை மூடுவதோடு, பறக்கும்போது பாதி திறந்து காற்றைத் தடுத்து வேகத்தையும் குறைக்கும். வளைவு கொஞ்சம் விநோதமாக இருக்கும். மற்ற பக்கத்துக் கதவும் நசுங்கிப் போய் அளவெடுக்க லாயக்கில்லை. "நீங்கள் அதிலேயே வேலை பார்த்தவர்தானே" என்று என்னைக் கூப்பிட்டார்கள். போய் நின்றேன். கண்ணை மூடினால் கதவு தெரிகிறது. திறந்து வரையச் சொன்னால் கை ஓடவில்லை.

வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு படம் இருந்தது. தீபாவளி சமயத்தில் விமானத்தில் சாய்ந்துகொண்டு நாங்கள் ஐந்து பேர் எடுத்துக்கொண்டது. எல்லோருக்கும் பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு. நாற்பது வருஷமாக அந்தப் படத்தில் நான் முகங்களை மட்டுமே பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் இடது மூலையைப் பார்த்தேன். திறந்த கதவின் கீழ்ப் பாதி, அதன் தகட்டை இணைக்கும் ரிவெட் ஆணிகளின் வரிசை, பக்கத்தில் தரையில் ஒரு டால்டா டின். ஒழுகும் ஹைட்ராலிக் எண்ணெயைப் பிடிக்க நாங்கள் வைக்கும் டின். அதே அளவு டின் ஒன்று எங்கள் வீட்டுச் சமையலறையில் அரிசி மாவோடு இருந்தது. மனைவி கேள்வி கேட்பதற்குள் மாவைக் கொட்டிவிட்டு உயரத்தை அளந்தேன். கடிகாரக்காரர் கண்ணில் மாட்டிக்கொள்ளும் லென்ஸைக் கடன் வாங்கி, படத்தில் டின் எத்தனை மில்லிமீட்டர், கதவு எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்தேன். இரண்டும் கேமராவிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருந்ததால் கணக்கு ஒத்துவந்தது. ரிவெட்டுக்கு ரிவெட் இடைவெளி கிடைத்ததும் வளைவும் தானாக வந்துவிட்டது: நம்மை நோக்கி இருக்கும் இடத்தில் ரிவெட்டுகள் விலகித் தெரியும், தகடு திரும்பும் இடத்தில் நெருங்கித் தெரியும். மூன்று வாரத்தில் ஒரு கதவு செய்தேன். பொருந்தியது.

பிறகு நடந்ததுதான் மனசை உறுத்துகிறது. கல்லூரியார் விமானம் முழுக்க வெள்ளி வண்ணம் அடித்தார்கள். கதவு புதிது என்று எங்கேயும் எழுதவில்லை. எழுதச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. பாராட்டுக் கிடைத்த குஷியில் இருந்தேன். ஒரு ஆண்டு விழாவுக்கு வந்த ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் அந்தக் கதவைத் தடவி, "பாருங்கள், அந்தக் காலத்து வேலை! இத்தனை வருஷம் கழித்தும் ஒரு நெளிவில்லை" என்றார். சுற்றி நின்ற மாணவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். நான் வாய் திறக்கவில்லை. இன்றைக்கு யாராவது நாட் விமானத்தின் சக்கரக் கதவு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள அந்தப் படங்களைப் பார்த்தால், டால்டா டின்னை வைத்து நான் போட்ட கணக்கைத்தான் பார்ப்பார்கள். மூல உலோகத்துக்கு நான் ஒரு பொய்ச் சாட்சி செய்து வைத்துவிட்டேன்.

அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். கே7-இன் ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு பதிவேடு வையுங்கள். ஏற்கெனவே வைத்திருந்தால் பூட்டிய அலமாரியிலிருந்து வெளியே எடுத்து, படகுக்குப் பக்கத்திலேயே, வருகிறவர் கண்ணில் படும்படி போடுங்கள். படகின் கோட்டுப் படம் ஒன்று. மூல உலோகம் ஒரு நிறம், நிமிர்த்தியது ஒரு நிறம், புதிதாகச் செய்தது ஒரு நிறம். புதிதாகச் செய்த ஒவ்வொன்றுக்கும் எந்தப் புகைப்படத்தைப் பார்த்து அந்த வடிவத்துக்கு வந்தார்கள் என்று அந்தப் படத்தின் எண். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கள் கோயில்களில் திருப்பணி செய்தால் கல்வெட்டு வைப்போம். யார் எதைச் செய்தார், எந்த வருஷம் என்று இருக்கும். கொடுத்தவர் பெயர் பெரிதாகவும் செய்தது சின்னதாகவும் இருக்கும் என்பது வேறு விஷயம்.

இரண்டாவது, படங்கள். பத்திரிகையில் வந்த படத்தை வைத்து ரிவெட் எண்ணப் போனால் ஏமாந்துதான் போவோம். அந்த அவென்யூ ரோடு இதழை நான் லென்ஸில் பார்த்தபோது, வால் கிட்டத்தில் போகப் போகப் புள்ளி புள்ளியாகக் கரைந்து, கடைசியில் கோலத்துக்கு வைத்த புள்ளி மட்டும் மிஞ்சியது. அச்சகத்தின் புள்ளியா ரிவெட்டா என்று தெரியாமல் ஒரு மாதம் வீணடித்தேன். மூல நெகட்டிவ் வேண்டும். இல்லாவிட்டால் நெகட்டிவிலிருந்து நேராகப் போட்ட பிரதி வேண்டும். அதிலும் பத்திரிகை அலுவலகம் வெட்டாத பிரதி. ஆசிரியருக்கு வேண்டியது கேம்ப்பெல்லின் முகம். சிவப்புப் பென்சிலால் முகத்தைச் சுற்றிக் கட்டம் போட்டு, மிச்சத்தைத் தள்ளியிருப்பார். அந்த மிச்சத்தில்தான் நமக்கு வேண்டியது இருக்கும். பையர் காட்டேஜ் படகுக் கொட்டகைப் பக்கம் படகு நிற்கும்போது கழற்றிப் புல்லில் சாய்த்து வைத்த தகடு, தார்ப்பாய்க்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்று, தலைமை மெக்கானிக் லியோ வில்லாவின் கையில் இருக்கும் ஒரு மூடி.

படங்களைத் தேதிப்படி அடுக்குவதற்கு நான் வைத்திருக்கும் குறுக்குவழி வால்தான். வால் இல்லையா, முந்தின காலம். குட்டி வாலா, 1958-க்கு அப்புறம். எங்கள் வாலா, கடைசிக் குளிர்காலம். அந்தக் கடைசிக் குளிர்காலத்துக்குள்ளேயே, காற்று வாய் நசுங்குவதற்கு முன்னா பின்னா என்று இன்னொரு பிரிவு. ஃபிலிமின் ஓரத்தில் இருக்கும் எண்களும் கிடைத்தால் ஒரு ரோலுக்குள் எந்தப் படம் முதலில் எடுத்தது என்றுகூடச் சொல்லிவிடலாம்.

இரண்டு இடத்தில் வழுக்கும், எச்சரிக்கிறேன். ஒன்று நிறம். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் நீலம் ஒரு பச்சோந்தி. சில ஃபிலிமில் வெளிறிப் போய் அலுமினியம் மாதிரியே தெரியும். லென்ஸுக்கு முன்னால் மஞ்சள் வடிகட்டி மாட்டியிருந்தால் அதே நீலம் கறுத்துத் தெரியும். ஒரு தகடு ஒரு படத்தில் கறுப்பு, இன்னொன்றில் வெளுப்பு என்பதால் அதை இரண்டு தகடு என்று எண்ணிவிடக் கூடாது. மற்றது இடவலம். நெகட்டிவைத் திருப்பி வைத்துப் பிரதி போட்டால் இடது மிதவை வலதாகிவிடும். படகு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் ஒருவருக்கும் தெரியாது. 'கே7' எழுத்து படத்தில் இருந்தால் தப்பித்தோம். இல்லையென்றால் பக்கத்தில் நிற்கிற ஆளின் சட்டைப் பொத்தானைப் பாருங்கள். எங்கள் வீட்டில் அம்மாவின் படம் ஒன்று ஸ்டுடியோக்காரர் புண்ணியத்தில் முப்பது வருஷம் திரும்பித் தொங்கியது. முந்தானை வலது தோளில் கிடந்ததை ஒரு சித்திதான் கண்டுபிடித்தாள்.

அளவுகோலுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். உங்களுக்கும் ஒரு டால்டா டின் இருக்கிறது. மிஸ்டர் வாப்பிட்! கேம்ப்பெல் அந்தக் கரடியோடு எத்தனையோ படங்களில் இருக்கிறார். கரடி பிழைத்துக்கொண்டது. அதன் காதிலிருந்து பாதம்வரை ஒருமுறை சரியாக அளந்து, பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஓட்டுநர் அறையை ஒட்டிய எந்தத் தகட்டுக்கும் அதுவே ஸ்கேல். இதைச் சொன்னதும் பேத்தி சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பேச்சுவாக்கில் ஒன்று. சிட்னி கடல்சார் அருங்காட்சியகத்தில் கென் வார்பியின் படகு இருக்கிறது. 1978 அக்டோபர் 8-ஆம் தேதி 317 மைலுக்கு மேல் போய், இன்றுவரை முறியாத சாதனை. தன் வீட்டுப் பின்கட்டில் தானே கட்டி, தானே ஓட்டி, உயிரோடு கரைக்கு வந்தார் மனுஷன். படகும் சேதாரமில்லாமல் அருங்காட்சியகம் போனது. மரியாதை உண்டு. ஆனால் அதில் தேடுவதற்கு ஒன்றும் இல்லையே. எனக்கு அதன்மேல் மோகம் வரவில்லை. ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியில் கிடக்கும் ஜான் காப்பின் வேகப் படகு குருசேடர் அதற்கு நேர்மாறு. 1952-இல் உடைந்தது இன்னும் அடி ஆழத்திலேயே இருக்கிறது. கை வைக்காமல் இருப்பதே அதற்கு நியாயம். கே7 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பாதி கிடைத்திருக்கிறது, மிச்சத்தைத் தேட இன்னும் நேரம் இருக்கிறது.

ஆனால் நிறைய நேரம் இல்லை. 1967-இல் இருபது வயதில் ஏரிக்கரையில் கேமராவோடு நின்றவருக்கு இன்று எண்பது ஆகப்போகிறது. அவர் போனால் ஆல்பம் அட்டைப்பெட்டிக்குப் போகும். அட்டைப்பெட்டி குப்பைக்குப் போகும். எங்கள் ஊரிலும் இதே கதைதான். அதனால் ஊர் மண்டபத்தில் ஸ்கேனர் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு வாரம் உட்காருங்கள். அறிவிப்பில் 'புளூபேர்ட் படங்கள் வேண்டும்' என்று போடாதீர்கள். போட்டால், "எங்களிடம் படகு படமெல்லாம் இல்லை, அம்மா கரையில் நிற்கிற படம்தான் இருக்கிறது" என்று நல்லவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். 'அந்தக் குளிர்காலத்தில் ஏரிப் பக்கம் எடுத்த எந்தப் படமானாலும் சரி' என்று போடுங்கள். கை நடுங்கினது, பாதி வெளுத்தது, விரல் மறைத்தது, எல்லாம். முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள்.

மூன்றாவதாகக் கேட்பது கொஞ்சம் சங்கடமானது. யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் நீல வண்ணம் பூசிய ஒரு துண்டுத் தகடு இருக்கலாம். கரை ஒதுங்கினபோது எடுத்ததோ, பட்டறையில் யாரோ கொடுத்ததோ. அவர் திருடனில்லை. பத்து வயதில் எடுத்து வைத்ததை எழுபது வயதில் சொல்லக் கூச்சம், அவ்வளவுதான். அதிலும் ஒருவர் உயிர் போன படகு. வைத்திருக்கவும் மனசில்லை, தூக்கிப் போடவும் மனசில்லை. அவர்களிடம் 'எப்படி வந்தது' என்று கேட்காதீர்கள். கொண்டுவரட்டும், மேசையில் வைக்கட்டும். நீங்கள் அளந்து, ரிவெட் துளைகளின் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்து, படம் பிடித்துவிட்டு, அவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். உலோகம் அவரிடம் இருந்துவிட்டுப் போகட்டும். துளைகளின் இடைவெளி உங்களிடம் வந்துவிட்டால், எந்தப் படத்தில் எந்த இடம் என்று பொருத்திப் பார்க்க என்னைப் போன்ற வேலையில்லாத கிழவர்கள் உலகமெல்லாம் இருக்கிறோம். துளை வரிசை கைரேகை மாதிரி. கையால் அடித்த ரிவெட்டில் ஒன்று கொஞ்சம் மேலே, ஒன்று கொஞ்சம் தள்ளி என்று இருந்தே தீரும். இரண்டு தகடு அச்சு அசலாக ஒத்துவராது.

ரஸ்கின் பெயரில் உள்ள இடம் என்பதால் தைரியமாக இவ்வளவும் கேட்கிறேன். உழைப்பைப் பற்றி அந்த ஆங்கில எழுத்தாளர் எழுதியதைப் படித்துத்தான் எங்கள் காந்தி தன் வாழ்க்கையையே மாற்றிக்கொண்டார் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன்.

இந்த மடலோடு என் ஐவர் படத்தின் நகலையும் அனுப்புகிறேன், வெட்டாமல். கதவும் டின்னும் இடது மூலையில். அந்தக் கல்லூரிக்கும் ஒரு நகலும் கடிதமும் அனுப்பியிருக்கிறேன்: இடப்பக்கச் சக்கரக் கதவு 2009-இல் அடியேன் செய்தது, ஒரு பித்தளைத் தகட்டில் பொறித்து ஒட்டிவிடுங்கள், செலவு என்னுடையது என்று. பதில் இன்னும் வரவில்லை.

படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்திருக்கிறேன். பேத்தி கேட்டாள், அதை எப்படி மொழிபெயர்ப்பது என்று. அப்படியே போடு என்றேன். பென்சிலில் எழுதியிருக்கிறது: 'தீபாவளிக்கு மறுநாள். கழுவின செலவு தலைக்கு ரெண்டு ரூபா. மெஸ் சமையல்காரர் இன்னும் தரவில்லை.'